கார் சாவி நுழைகிறது, திரும்பவில்லை. பேரலை (சாவி நுழையும் பூட்டு உருளை) பிரித்துச் சரிசெய்பவர் யாராவது?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய 2013 மாடல் பெட்ரோல் கார். அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக இக்னிஷனில் சாவி சட்டென்று திரும்புவதில்லை, பத்து தடவை ஆட்டினால் ஒரு தடவை திரும்புகிறது. ஸ்டீயரிங் லாக் இறுக்கிப் பிடித்திருக்குமோ என்று ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன். பலனில்லை.

திரும்பிவிட்டால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிறது, இம்மொபிலைசர் (சாவியின் சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜினை ஓடவிடும் திருட்டுத் தடுப்பு) விளக்கும் அணைகிறது. அதனால் சாவிக்குள் இருக்கும் சிப்பில் கோளாறில்லை. (ரிமோட் பேட்டரியை மாற்றச் சொல்லாதீர்கள், அந்தச் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை.) பயன்படுத்தாத ஸ்பேர் சாவி கொஞ்சம் சுலபமாகத் திரும்புகிறது. ஆக, சாவியின் வெட்டும் பேரலுக்குள் இருக்கும் சின்னத் தகடுகளும் சேர்ந்தே தேய்ந்திருக்க வேண்டும். வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாம் அப்பா ஒரே கொத்தில் மாட்டியிருந்தார், அந்தப் பாரமும் காரணமாக இருக்கலாம்.

சர்வீஸ் சென்டரில் கதவு, டிக்கி, இக்னிஷன் மூன்றுக்கும் புது லாக் செட் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. பேரலைக் கழற்றி, தேய்ந்த தகடுகளை மட்டும் மாற்றி, பழைய சாவிக்கே பொருத்தித் தருபவர் மதுரை, திண்டுக்கல் பக்கம் இருக்கிறாரா?

இன்னொன்று: தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். சாவி எண்ணை (அசல் வெட்டைக் குறிக்கும் கம்பெனி எண்) வைத்து வெட்டி, சிப்பையும் வண்டியில் பதிவு செய்ய உங்களுக்கு எவ்வளவு ஆனது?