ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்தில் எழுத்து மறைகிறது, அவசர உதவி

முள்ளியவளைப்பெடியன்:
வணக்கம். பல்நிறமாலைப் படம் (வெவ்வேறு அலைநீள வெளிச்சத்தில் தனித்தனியாக) எடுக்கப் பழகுகிறேன். ஐஆரில் மங்கின பழைய எழுத்துத் தெளியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நல்லாகத் தெரிகிற எழுத்துமே மறைகிறது! வெறும் வெளிறலாக வருகிறது. என்ன பிழை? கெதியாகச் சொல்லுங்கள், ஞாயிறு கமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ரோச்லைற்:
என்ன கமரா? சாதாரண கமராவில் சென்சருக்கு முன்னால் ஐஆரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கும். கழற்றியாயிற்றா? ரீவி ரிமோட்டை லென்சுக்கு நேரே பிடித்து அமத்துங்கள். திரையில் பளிச்சென்று மின்னினால் சரி.

முள்ளியவளைப்பெடியன்:
கழற்றினதுதான், இரவல் கமரா. ரிமோட் மின்னுகிறது.

சுவடிக்காரன்:
தம்பி, இதெல்லாம் அரிச்சுவடி. தேடி வாசித்துவிட்டுக் கேட்கலாமே. ஓலை ஏட்டில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதுவார்கள்; கண்ணுக்குத் தெரிவது கீறலில் தேய்த்த கரி. கரி ஐஆரிலும் கறுப்பு, பழுப்பேறிய ஓலை வெளிறும். சாக்கடல் குகைகளில் கிடைத்த பழைய சுருள்கள் ஐஆரில் தெளிந்ததும் கரி மை என்பதால்தான். உமக்கு மறைகிறதென்றால் கரி உதிர்ந்துவிட்டது. லைற்றைப் பக்கவாட்டில், ஓலையோடு படிய அடியும். கீறலில் நிழல் விழும்.

கனகராயன்:
உதிர்ந்தால் திரும்பப் பூசினால் போச்சு. அப்பப்பா மாட்டு வாகட (மாட்டு வைத்திய) ஏட்டுக்குக் கோவையிலைச் சாற்றில் கரி குழைத்துப் பூசுவார். துணியால் துடைத்தால் எழுத்து எழும்பி நிற்கும்.

சுவடிக்காரன்:
ஐயோ, படம் எடுக்காமல் ஒன்றும் பூசாதேங்கோ! பூசினதை எடுக்க முடியாது.

கனகராயன்:
உங்கள் ஏடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். எங்களது, மாட்டுக்கு வருத்தம் வந்தால் எடுத்து வாசிக்கிற ஏடு. பூசாமல் விட்டிருந்தால் படம் எடுக்க உங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

பூவரசு:
இரண்டு பேரும் பொறுங்கோ. ஏடு என்று தம்பி எங்கே சொன்னவர்? தம்பி, ஓலையா, தாளா? மை என்ன நிறம்? லைற் எத்தனை நானோமீற்றர்?

முள்ளியவளைப்பெடியன்:
தாள் அக்கா. சொல்லவில்லையா? பூட்டனின் காணி உறுதி, 1911. மண்ணிறக் கையெழுத்து. 2009-இல் அம்மா பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர். பை ஓட்டை. மடிப்பில் நாலு வரி ஊறி மங்கிவிட்டது, எல்லை சொல்கிற இடம். லைற் 940.

பூவரசு:
அப்போ கமராவில் பிழை இல்லை. அது இரும்பு மை: மாசிக்காய்ச் சாறும் இரும்புச் சல்பேற்றும். எழுதும்போது கறுப்பு, காலம் போக மண்ணிறம். ஐஆரில் அலைநீளம் கூடக்கூட வெளிறும். 940-இல் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. எதிர்ப்பக்கம் போங்கள், 365 நானோமீற்றர் யூவி (புற ஊதா). தாள் மெல்ல நீலமாய் ஒளிரும், மை யூவியை உறிஞ்சி இருண்டு நிற்கும். ஆர்க்கிமிடீசின் நூலை அழித்து மேலே வேறு எழுதின பழைய தோற்சுவடியில், சுரண்டி அழித்த எழுத்தும் இரும்பு மைதான், அங்கேயும் யூவிதான் கைகொடுத்தது. கள்ளநோட்டுப் பார்க்கிற 395 லைற் வேண்டாம், அதன் ஊதா வெளிச்சம் படத்தைக் கெடுக்கும். இரவல் கமராவும் தேவையில்லை! தாளின் ஒளிர்வு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்தானே, சாதாரண கமராவே நல்லது. அறையை இருட்டாக்கி, முக்காலியில் வைத்து, றோவில் (RAW, கமரா மாற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். கண்ணுக்கு யூவிக் கண்ணாடி கட்டாயம். எடுத்தவுடன் லைற்றை நிறுத்துங்கள், தாளுக்கு அது கூடாது.

சுவடிக்காரன்:
தாள் என்று முதலே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரோச்லைற்:
நொத்தாரிசின் மற்றப் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்குமே?

முள்ளியவளைப்பெடியன்:
அந்தக் கட்டு இல்லையாம். யூவி லைற் நேற்றுத்தான் கொழும்பிலிருந்து வந்தது. மூன்று வரி வாசித்தாயிற்று, கிழக்கெல்லை குளக்கட்டு. நாலாவது வரியில் தாளே இல்லை. நன்றி அக்கா.

கனகராயன்:
எந்தக் குளம் தம்பி?