ஓடுகிற மிஷினில் கை போனால் குற்றம் யார் மேல்?

பேட்டை பிட்டர்:
எங்கள் பக்கத்து நூல் மில் ஒன்றில் பஞ்சைச் சீவுகிற கார்டிங் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்த பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. மறுநாளே சுவரில் தாள் ஒட்டிவிட்டார்கள், ‘கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்று. மில்லில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இது நியாயமா?

ஷிப்ட் இன்சார்ஜ்:
அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். ஆளைச் சேர்க்கும்போதே சொல்கிறோம், கொக்கி கொடுக்கிறோம், போர்டு வைக்கிறோம். ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டால் கொக்கியை எடுக்கச் சோம்பல்பட்டு விரலால் பிய்க்கிறான். ஒருத்தனைப் பார்த்து அடுத்தவனும் அதையே செய்கிறான். ஒவ்வொருத்தன் பின்னாலும் நான் நிற்க முடியுமா?

பேட்டை பிட்டர்:
சோம்பலா? மிஷினை நிறுத்தினால் புரொடக்‌ஷன் குறையும், காலையில் ஏச்சு வாங்குவது அவன்தானே.

அப்புறம், நிறுத்தினாலும் கார்டிங் மிஷின் உடனே நிற்காது. மோட்டாரை அணைத்த பிறகும் உள்ளே கம்பிப் பல் பதித்த சிலிண்டர் தன் கனத்திலேயே சில நிமிஷம் சுற்றும். பக்கத்து மிஷின்களின் இரைச்சலில் காதுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது, அந்த வேகத்தில் கம்பிப் பல் எல்லாம் சேர்ந்து வழவழப்பான தகடு மாதிரி இருக்கும். பையன் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தான். சிலிண்டர் நிற்கும்வரை மூடி திறக்காதபடி பூட்டு இருந்த மிஷின்தான் அது. நேரம் வீணாகிறது என்று அதைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கழற்றியது பையன் இல்லை.

ஷிப்ட் இன்சார்ஜ்:
பூட்டைக் கழற்றியது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டு இருக்கிற இடத்திலும் குச்சி செருகி ஏமாற்றுகிற ஆளை நான் பிடித்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்வீர்கள்?

அம்பை அரிசி ஆலை:
நான் காசு போட்டுக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். ஒருத்தனும் போடவில்லை.

பேட்டை பிட்டர்:
போடாதது நல்லதாகப் போயிற்று முதலாளி. சுற்றுகிற ரோலர், பெல்ட் பக்கம் கையுறையே ஆகாது. நுனி மாட்டினால் போதும், கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். துப்பட்டா, தொளதொளத்த சட்டைக்கை எல்லாம் அதே கதைதான்.

இன்சார்ஜ் சார், 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் பாருங்கள். மிஷின் ஓடும்போதே பார்த்தாக வேண்டும் என்றால், தனிப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய ஆள், உடம்போடு ஒட்டிய உடுப்போடு பார்க்கலாம் என்று இருந்தது. அந்த உடுப்பையும் நிர்வாகம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய் விடுவது, பெல்ட் மாட்டுவது எல்லாம் அந்த விலக்கில் வந்தது. துடைப்பது வரவில்லை. துடைக்க அனுப்பியது யார்?

அம்பை அரிசி ஆலை:
அந்தச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவனுக்கு. என்னிடம் எட்டுப் பேர்தான்.

ஷிப்ட் இன்சார்ஜ்:
முதலாளி, இதில் நான் அண்ணாச்சி பக்கம். பத்துப் பேர் இல்லை என்றால் ஈஎஸ்ஐ காப்பீடும் இருக்காது. அப்போது தொழிலாளர் நஷ்டஈட்டு விதிப்படி பணம் உங்கள் கையிலிருந்து போகும். கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீதம், ஒரு கையின் நாலு விரலும் போனால் 50 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனதாகக் கணக்கு.

பாளை நர்ஸ்:
சண்டைக்கு நடுவே ஒன்று. துண்டான விரலை நேராக ஐஸில் போட்டு எடுத்து வருகிறார்கள். சதை கெட்டுப்போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே கொண்டுவாருங்கள். மஞ்சள்பொடி, காபித்தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

அம்பை அரிசி ஆலை:
சரி, என் ஆலைக்கே வருகிறேன். பெல்ட்டில் மாட்டிய பக்கெட்டுகளால் நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டர் அடியில் நெல் அடைத்துக்கொண்டால் கையை விடாமல் எப்படி எடுக்கிறது? கரண்டை அணைத்துத்தான் விடுகிறோம்.

பேட்டை பிட்டர்:
அணைத்தாலும் ஒரு பக்கம் பக்கெட் நிறைய நெல் தொங்குகிறதே. அடைப்பு இளகியதும் அந்தக் கனத்தில் பெல்ட் பின்னால் ஓடும். முதலில் பெல்ட்டை நகராமல் கட்டுங்கள், அப்புறம் கம்பியால் தோண்டச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு. சாவி உள்ளே இறங்குகிறவன் பையில்.

அம்பை அரிசி ஆலை:
சாவியோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டால்? அறுவடை நேரத்தில் ஆலை நிற்கவா?

பேட்டை பிட்டர்:
இன்னொரு சாவி உங்கள் மேஜையில் இருக்கட்டும். அவனைப் போனில் பிடித்து, அடியில் ஆள் இல்லை என்று நீங்களே குனிந்து பார்த்துவிட்டுத் திறங்கள்.