அப்பாவுக்குச் சாகா கார், தம்பிக்கு மின்கார்: என்ன சொல்லித் தேற்றுவது?

கேள்வி (சுங்கை சிப்புட்டிலிருந்து):
அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1985-இல் மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா வந்தபோது எங்கள் தோட்டத்தில் மானேஜருக்கும் பெரிய கிராணிக்கும் (தலைமை எழுத்தர்)தான் கார். அப்பாவிடம் பழைய ஹோண்டா மோட்டார். ஓய்வு பெற்ற பிறகுதான் சாகா வாங்கினார், அதுவும் ரொக்கமாக. இப்போது கோலாலம்பூரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி, புரோட்டோனின் முதல் மின்காரான இ.மாஸ் 7-ஐ 9 வருடக் கடனில் எடுக்கிறான். அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

பதில்:
அவருக்கு உறுத்துவது கார் இல்லை, கடன். தோட்டக் கடையில் பற்று எழுதியே சம்பளம் கரைந்ததைப் பார்த்த தலைமுறை அது. மாதச் சம்பளம் உறுதியாக வரும் பிள்ளைகளுக்குத் தவணை இன்னொரு பில், அவ்வளவுதான்.

பதில்:
வசதியையும் பாருங்கள், அக்கா. கார் நிறுத்தச் சொந்த இடம் இருப்பவருக்கு மின்கார் சுகம்; ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாம். அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தால் சார்ஜர் தேடி அலைய வேண்டும். தம்பி வீடு எப்படி?

கேள்வி கேட்டவர்:
அவன் இருப்பது தரைவீடுதான். கடன் விஷயம் நெஞ்சில் பட்டது. பற்று நோட்டு எனக்கும் நினைவிருக்கிறது. நேற்று அப்பா, “எஞ்சின் ஆயில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றணும்?” என்று கேட்டார். ஆயிலே வேண்டாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரி, சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க அவரையும் கூட்டிப் போகிறோம்.