கல்லடியில் இருந்து பாணமை வரை ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டம்: போகலாமா, வேண்டாமா?

கல்லடி_ரோட்ஸ்டர்
நம் கார்க் கழகத்தின் அடுத்த ஒருநாள் ஓட்டத்தை மட்டக்களப்பில் இருந்து தெற்கே, இலங்கையின் கிழக்குக் கரையோரமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். இதுவரை ஒன்பது கார்கள் சேர்ந்திருக்கின்றன. மாசி கடைசி ஞாயிறு விடிய ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் கூடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வழியாகப் பாணமை போய்ப் பின்னேரம் திரும்பலாம். பொத்துவில் வரை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். யாரும் ரேஸ் ஓடப் போவதில்லை. என்னுடையது பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5. கூரையைத் திறந்து ஐம்பதில் போனாலே மனம் நிறைந்துவிடும். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கலாம். திரும்பும்போது அது ஓட்டுகிறவர் பக்கம் வரும். கருத்துச் சொல்லுங்கள்.

நிந்தவூர்_வயல்
தம்பி, நான் இதற்கு எதிர். நீங்கள் சொல்லும் வழி ஏ4 நெடுஞ்சாலை, நிந்தவூரில் அதுதான் எங்கள் வாசல். மாசி என்றால் பெரும்போக அறுவடை நேரம். போன வருடம் இதே காலத்தில் வெளியூர்க் கார்கள் ஏழெட்டு வரிசையாக வந்தன. றோட்டோரம் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தோம். முதல் கார் ஒதுங்கித்தான் போனது. பின்னால் வந்தவை அதைப் பிடிக்கிற அவசரத்தில் படங்கின் மேலேயே ஏறிப் போயின. மண் கலந்த நெல்லை வாப்பா பொழுதுபடும் வரை குந்தியிருந்து புடைத்தார். ஒரு காரும் நிற்கவில்லை. அது உங்கள் கழகம் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையாக ஓடினால் இதுதான் நடக்கும். முன்னால் போகிறவரைத் தவறவிடக் கூடாது என்ற எண்ணம் வந்துவிட்டால், கண் றோட்டில் இருக்காது, முன் காரின் பின்விளக்கில்தான் இருக்கும்.

ஆரையம்பதி_கராஜ்
எனக்கு வேறு குறை. கரையோர ஓட்டம் என்கிறீர்கள், அக்கரைப்பற்று வரை கடல் எங்கே தெரிகிறது? காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஒரு ஊர் முடியுமுன் அடுத்த ஊர் வந்துவிடும். கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம், நமக்குத் தெரிவது மதில்கள்தான். இரண்டாம் கியரில் ஊர்ந்தால் பழைய எஞ்சின்கள் சூடாகும், கிளச் தேயும். வடக்கே போங்கள். திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி வழியாக ஓட்டமாவடி தாண்டி வாகரை, பனிச்சங்கேணிப் பாலம், வெருகல். வெட்டவெளி, ஊரும் குறைவு.

கல்லடி_ரோட்ஸ்டர்
நானா, அந்த நெல் விஷயம் வாசித்து மனம் கனத்துப் போனது. மாசியை விடுகிறேன், அது என் பிழை.

கராஜ் அண்ணன், வாகரை வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில் வாவி திறந்து கிடப்பதை விடியல் வெளிச்சத்தில் பார்த்திருப்பீர்கள். திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்குப் பின்னாலேயே அலை அடிக்கிறது. கோமாரிப் பக்கம் சங்கமன்கண்டி முனை, இலங்கையின் கிழக்குக் கடைசி. கொழும்பில் இருந்து மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பைக்கு வந்து போகிறவர்கள் இதில் ஒன்றையும் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். யுத்த காலத்தில், சின்ன வயதில், இதே றோட்டில் சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏறினவன் நான். அந்த வழியில் ஒருநாள் கூரையைத் திறந்துவிட்டு, எங்கும் இறங்காமல் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வாகரைக்குப் போனால் அது தீராது.

பொத்துவில்_படகு
கட்டாயம் வாருங்கள். மாசி வேண்டாம் என்றால் ஆடியில் வையுங்கள், அறுகம்பையில் அப்போது அலைச்சறுக்குச் சீசன். ஒன்பது கார் என்றால் பதினெட்டுப் பேருக்குச் சாப்பாடு, எங்கள் கடைகளுக்கு அது பெரிய விஷயம். ஒன்று மட்டும், பாணமை வீதியில் பொழுதுபட்டால் யானை நிற்கும். நாலு மணிக்கே திரும்பிவிடுங்கள். கண்டால் ஹோன் அடிக்கக் கூடாது, எட்ட நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

நிந்தவூர்_வயல்
படகுத் தம்பி, காசு உங்கள் ஊரில் இறங்கும், தூசு எங்கள் ஊரில் இறங்கும். அதையும் யோசியுங்கள்.

காரைதீவு_ரீச்சர்
ஆடி வேண்டவே வேண்டாம். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் பொத்துவில், பாணமை, ஒகந்தை என்று அந்த வழியேதான் நடப்பார்கள். வெறுங்காலோடு வயதானவர்களும் நடக்கிற றோட்டில் ஒன்பது கார் எதற்கு? ஞாயிறும் சரியில்லை. காலையில் அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகள் சைக்கிளில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள், கதைத்துக்கொண்டு நடுறோட்டுக்கு வந்துவிடுவார்கள். மற்றபடி எனக்கு ஓட்டத்தில் எதிர்ப்பில்லை. எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்ட கார்களை எப்போது கிட்டப் பார்ப்பது? ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடுகிற கார் ஒன்றுகூட வரக் கூடாது.

கல்லடி_ரோட்ஸ்டர்
சரி ரீச்சர். சித்திரையில், வருடப்பிறப்புக்குப் பிறகு வருகிற ஒரு சனிக்கிழமை. சைலன்சர் மாற்றின கார் இரண்டு இருக்கின்றன, அவர்களிடம் நானே சொல்கிறேன். வரிசையும் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு கார் புறப்படும், எல்லோரும் திருக்கோவிலில் சந்திப்போம். ஊருக்குள் ஐம்பது, வெளியில் எழுபது என்பதுதான் சட்டம். ஊருக்குள் நாற்பது என்று நாமே வைத்துக்கொள்வோம்.

ஆரையம்பதி_கராஜ்
இடைவெளி விட்டால் எஞ்சினுக்கும் நல்லது. ஆனால் கச்சான் காற்று, அந்தத் தென்மேற்கு வெப்பக் காற்று, தொடங்குமுன் முடியுங்கள். வருகிற கார்களின் கூலன்ட், ரேடியேட்டர் விசிறி, பிரேக் மூன்றையும் நான் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன். என் வாக்கு இன்னும் வாகரைக்குத்தான்.

நிந்தவூர்_வயல்
பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது காரும் கடந்து போக எண்பது நிமிடம். அவ்வளவு நேரமும் எங்கள் வாசலில் அடுத்த கார் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாடு சாய்க்கிறவனுக்கு எந்தக் கார் கடைசி என்று யார் சொல்வது?

கல்லடி_ரோட்ஸ்டர்
அதை நான் யோசிக்கவில்லை, நானா. இங்கே எழுதித் தீர்க்க முடியாது. வருகிற சனி நான் தனியாக நிந்தவூருக்கு வருகிறேன். எந்த இடத்தில் மாடு கடக்கும், எங்கே நெல் போடுவீர்கள் என்று நடந்து காட்டுங்கள்.

நிந்தவூர்_வயல்
வாருங்கள். அசர் தொழுகைக்குப் பிறகு வந்தால் வாப்பாவும் வீட்டில் இருப்பார், அவரோடும் கதைக்கலாம். எங்கள் ஒழுங்கையில் வேகத்தடை உயரம், உங்கள் காரின் அடி தட்டும். சந்தியில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.