தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மறு அறுவைச் சிகிச்சை: அனுபவப் பகிர்வு

நோயாளியின் மகள்:

அம்மாவின் செயற்கை இடுப்பு மூட்டில் வலி ஏதுமில்லை. வழக்கமான எக்ஸ்ரேயில்தான், தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைத்த பந்து, இடுப்பெலும்பில் பதித்த கிண்ணத்தின் நடுவில் இல்லாமல் மேல்நோக்கி ஏறியிருப்பது தெரிந்தது. கிண்ணத்தின் உட்புறத்தில் இருக்கும் பாலிஎத்திலீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) உறையான லைனர் தேய்ந்து உதிர்ந்த நுண்துகள்களுக்கு உடல் காட்டிய எதிர்வினையால், கிண்ணத்துக்குப் பின்னாலிருந்த எலும்பும் கரைந்துகொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனை செய்து, மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்த பின்னரே மருத்துவர் நாள் குறித்தார். தொற்று இருந்திருந்தால், மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, மற்றொரு அறுவையில் புதியதைப் பொருத்த நேரிட்டிருக்கலாம் என்றார். உலோகக் கிண்ணம் எலும்போடு உறுதியாக ஒட்டியிருந்ததால் அதைத் தொடாமல், லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றி, குழிகளை எலும்புத் துகள்களால் நிரப்பினார்கள். இம்முறையில் மூட்டு நழுவும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், அம்மா இன்றும் தரையில் உட்காருவதில்லை.

அறுவைச் சிகிச்சை பெற்றவர்:

எனக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. பந்தைத் தாங்க தொடை எலும்புக்குள் செருகியிருந்த தண்டு தளர்ந்திருந்தபோதிலும், அதைப் பிடித்துவைக்க இட்ட பழைய சிமென்ட் எலும்பின் ஆழத்தில் இறுகிக் கிடந்தது. அதை மேலிருந்து குடைந்தால் எலும்பு துளைபடலாம் என்பதால், தொடை எலும்பின் வெளிப்பக்கத்தை, தசை ஒட்டியபடியே, பெட்டியின் மூடியைப் போல நீளவாக்கில் திறந்தார்கள். எலும்பையே அறுப்பதா என்று அஞ்சினேன். ஆனால் திட்டமிட்டு வெட்டிய எலும்பு சீராக ஒன்றுசேரும், தாறுமாறாக முறிந்தது அப்படிச் சேராது என்று மருத்துவர் விளக்கியது முழுக்க நியாயமாகப் பட்டது. நீளமான டைட்டானியம் தண்டைக் கீழ்ப்பகுதியின் நல்ல எலும்பில் இறுக்கி, மூடியைக் கம்பிகளால் கட்டினார்கள். எலும்பு கூடும்வரை அந்தக் காலில் முழு எடையை ஊன்ற விடவில்லை.

எலும்பு மருத்துவர்:

செயற்கை இடுப்பு மூட்டு அறுவையின் முன்னோடியான இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போனதால், 1962-இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார்; தேய்மானம் அன்றிலிருந்தே எங்கள் கவலை. மறு அறுவையில் புதியதைப் பொருத்துவதைவிட, இருக்கும் எலும்பை இழக்காமல் பழையதை எடுப்பதே கடினம். எலும்பு அதிகம் கரைந்தவர்களுக்கு, தானம் பெற்ற எலும்பை நொறுக்கி இறுகத் திணித்து, அதன்மேல் சிமென்ட் இட்டுப் பொருத்தும் முறையை நெதர்லாந்தின் நைமேகனில் கிண்ணத்துக்கும், இங்கிலாந்தின் எக்ஸ்டரில் தண்டுக்கும் வளர்த்தெடுத்தார்கள்.

ஒரு வேண்டுகோள்: முதல் அறுவையின்போது தரப்படும், மூட்டின் பெயரும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய கிண்ணத்துக்குப் பொருந்தும் லைனரை முன்கூட்டியே வரவழைக்க அந்த விவரம் கட்டாயம் தேவை. அது கிடைக்காமல், நன்றாக ஒட்டியிருந்த கிண்ணத்தையும் பெயர்த்தெடுக்க நேர்ந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.