கம்பளி நூல் அறுந்துகொண்டே இருக்கிறது: என் கையா, ராட்டையா, உரோமமா?

கேள்வி

வணக்கம். ராட்டையில் கம்பளி நூற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை சீவித் தயாராக வரும் பட்டையைத்தான் நூற்றிருக்கிறேன். போன மாதம் ஒரு கம்பளித் திருவிழாவுக்குப் போன இடத்தில், முதல்முறையாக ஓர் ஆட்டின் முழு உரோமத்தையும் வாங்கினேன். கொரிடேல் இனம், 2 கிலோ. அத்தனை அழகு, கையில் எடுத்த பிறகு வைக்க மனம் வரவில்லை.

கழுவிக் காயவைத்து, பன்னி (அதாவது சிக்கெடுத்து இழைகளைப் பிரித்து), நூற்க உட்கார்ந்தால் ஒரு முழம் போவதற்குள் அறுந்துவிடுகிறது. மிளகு மிளகாக முண்டுகள் வேறு. முறுக்கைக் கூட்டினால் நூல் கம்பியாக விறைக்கிறதே தவிர, அறுவது நிற்கவில்லை. இதில் ஒரு ஸ்வெட்டர் பின்ன ரொம்ப ஆசைப்பட்டேன். என் கைதான் சரியில்லையா?

பதில் 1

முதலில் ராட்டையைப் பாருங்கள். பாபினை (நூல் சுற்றும் உருளையை) கட்டுப்படுத்தும் பிரேக் இறுக்கமாக இருந்தால், முறுக்கு ஏறுவதற்குள் பாபின் நூலைப் பிடுங்கிக்கொள்ளும். நன்றாகத் தளர்த்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு பழைய பட்டையில் மிச்சம் இருந்தால் அதே ராட்டையில் நூற்றுப் பாருங்கள். அதுவும் அறுந்தால் ராட்டை அல்லது கை. அறாவிட்டால் உரோமம்.

கேட்டவர்

தளர்த்தினேன், பெரிய மாற்றமில்லை. ஆனால் பழைய பட்டை கால் மணி நேரம் ஒரு தடவைகூட அறாமல் ஓடியது!

பதில் 2

அப்படியானால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். பன்னாத உரோமம் மீதி இருக்கிறதா? பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை பிரித்தெடுங்கள். இரண்டு முனையையும் இறுகப் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். நல்ல உரோமம் தந்தியைச் சுண்டினாற்போல் 'டிங்' என்னும். பலவீனமானது சருகு நொறுங்குவதுபோல் படபடக்கும், இல்லை இரண்டாகவே போய்விடும். வெவ்வேறு இடத்திலிருந்து பத்துக் கற்றையாவது பாருங்கள்.

கேட்டவர்

பார்த்தேன் அக்கா. பத்தில் எட்டு இரண்டாகப் போய்விட்டது. எட்டும் ஒரே இடத்தில்! கற்றை 11 செ.மீ., நுனியிலிருந்து சுமார் 4 செ.மீ.யில் அறுகிறது.

பதில் 2

ஒரே இடத்தில் அறுகிறதென்றால் சந்தேகமே இல்லை. ஆட்டுக்குக் காய்ச்சல், தீவனக் குறைவு, கடினமான பிரசவம் என்று ஏதாவது வந்தால் அந்த நாட்களில் வளரும் உரோமம் மெலிந்துவிடும். நுனிதான் பழைய வளர்ச்சி. 11 செ.மீ. ஒரு வருடத்து வளர்ச்சி என்றால், முந்தைய கத்தரிப்புக்கு நாலைந்து மாதம் கழித்து அந்த ஆடு கஷ்டப்பட்டிருக்கிறது. முண்டுகளும் இதனால்தான்: பன்னும்போது அறுந்த இழைகள் சுருண்டு உருண்டுகொள்கின்றன.

தூக்கிப் போட வேண்டாம். கற்றை கற்றையாக நுனியை இழுத்து அறுத்து ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சும் 7 செ.மீ. நூற்கத் தாராளமாகப் போதும். பன்னிச் சுருளாக்கி, இரு கைக்கும் நடுவே இடைவெளியைக் குறைத்து நூற்றுப் பாருங்கள். ஒற்றைப் புரியாக விடாமல், எதிர்த்திசையில் முறுக்கி இருபுரியாக்குங்கள். தொப்பிக்கும் சால்வைக்கும் நன்றாக வரும். காலுறைக்கு மட்டும் வேண்டாம், தேய்மானம் தாங்காது.

பதில் 3

அடுத்த திருவிழாவில் வாங்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கேட்டுக்கொண்டு ஒரு கற்றை எடுத்தால் நல்ல விற்பனையாளர் யாரும் தப்பாக நினைக்கமாட்டார். அமெரிக்காவில் மேரிலாந்து, ரைன்பெக் போன்ற இடங்களில் நடக்கும் பெரிய கம்பளி விழாக்களில் உரோமத்துக்குத் தனிப் போட்டியே உண்டு, நடுவர்கள் பார்த்துத் தரம் சொல்வார்கள். வெட்டிய பக்கத்தையும் திருப்பி உதறிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், கத்தரி ஒரே இடத்தில் இரண்டு முறை ஓடியிருக்கிறது. அந்தத் துணுக்குகளும் முண்டாகத்தான் வந்து நிற்கும்.

கேட்டவர்

நேற்று இரவு ஒரு கை அளவு நுனி நீக்கிப் பன்னி நூற்றேன். பாபினில் ஒரே சீராக ஏறியது, இரண்டே தடவைதான் அறுந்தது. மீதியையும் இப்படியே பிரிக்கப்போகிறேன். ஸ்வெட்டருக்குப் போதாது, சால்வைக்கு எடை சரியாக வரும் என்று நினைக்கிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.