உதவி தேவை: கோதுமை பிரெட் வாங்கினால் வீட்டில் யாரும் தொடுவதில்லை. ருசியாகவும் இருக்கும் நல்ல பிரெட் எது?

ஜன்னலோரம் (பெரம்பூர்)

வணக்கம். என் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நார்ச்சத்தைக் கூட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விடியற்காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் அவர். இட்லி ஊற்றித்தர எனக்கு நேரம் உண்டு, உட்கார்ந்து சாப்பிட அவருக்கு இல்லை. இரண்டு துண்டு பிரெட், ஒரு டம்ளர் டீ என்பது பல வருடப் பழக்கம். அதை மாற்ற முடியாது, பிரெட்டையாவது மாற்றுவோம் என்று இறங்கினேன்.

கடையில் இரண்டு விதம் கிடைக்கிறது. ஒன்று பழுப்பு நிறத்தில் மெத்தென்று, லேசாக இனிக்கும். அதை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுகிறார். இன்னொன்று முழுக் கோதுமை. கடித்தால் உதிர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கசப்பு. 'சாக்குப்பையை மெல்வது போல இருக்கிறது' என்கிறார். அதை இறக்க ஜாமை வாரிப் பூசிக்கொள்கிறார், நான் எதற்காக வாங்கினேனோ அதுவே கெட்டுவிடுகிறது. சனிக்கிழமை வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

உடம்புக்கு நல்லது என்றால் இப்படித்தான் இருக்குமா? எதைப் பார்த்து வாங்குவது? வீட்டில் ஓவன் இருக்கிறது, ஆனால் இதுவரை கேக் மட்டுமே செய்திருக்கிறேன்.

கோபாலபுரத்துக் கிழவர்

பிரெட்டே எதற்கு அம்மா? முந்தின நாள் காய்ச்சிய கம்பங்கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு ஒரு செம்பு கொடுங்கள். நடந்துகொண்டே குடித்துவிடலாம்.

ஜன்னலோரம்

கொடுத்துப் பார்த்தேன் ஐயா. ரயிலில் தூங்கி, இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

மாவுக்கை

உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன அக்கா. உதிர்வது ஒன்று, கசப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் முழுக் கோதுமையின் மேலேயே வெறுப்பு வருகிறது.

உதிர்வதற்குப் பாதிக் காரணம் உங்கள் ஃபிரிட்ஜ். பிரெட் பழசாவது ஈரம் போவதால் மட்டும் அல்ல. வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவதுதான் பெரிய காரணம். உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில், அதாவது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், அந்த இறுகல் மிக வேகமாக நடக்கும். பூஞ்சை வராதுதான், ஆனால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் கட்டையாகிவிடும். அடுத்த நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மீதியை வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போடுங்கள். காலையில் எடுத்து, உருக விடாமல் நேராகத் தோசைக்கல்லில். முதல் ஒரு நிமிடம் சிறு தீயில் மூடிபோட்டு வையுங்கள். உள்ளே பனி விலகி மெத்தென்று ஆனதும் மூடியை எடுத்துத் தீயைக் கூட்டினால் ஓரம் மொறுமொறுக்கும். இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகும், அதுதான் சூட்சுமம்.

கசப்பு தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் வருவது. முளையில் எண்ணெய் உண்டு. அரைத்து நாளான மாவு வெக்கையில் கிடந்தால் அந்த எண்ணெய் சிக்குப் பிடித்துக் கசப்பு இரட்டிப்பாகும். கடைப் பிரெட்டில் இதை நாம் சரிசெய்ய முடியாது, வேறு பிரெட்டுக்கு மாறத்தான் வேண்டும்.

ரயிலடி

எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்விக்கு நான். பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பின்பக்கம் சேர்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' முதலில் வந்தால் அது மைதா பிரெட், நிறம் எதுவாக இருந்தாலும் சரி. 'ஹோல் வீட்' அல்லது 'ஆட்டா' முதலில் வரவேண்டும். பல நிறுவனங்கள் பக்கத்திலேயே சதவீதத்தையும் போடுகின்றன. கடைசியில் 150 என்று தொடங்கும் ஐஎன்எஸ் எண் (நிறம், பதம் போன்றவற்றுக்காகச் சேர்ப்பவற்றைக் குறிக்கும் எண்) இருந்தால், அது நிறத்துக்காகச் சேர்த்த கேரமல். கேழ்வரகு பிரெட், பலதானிய பிரெட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதிலும் மைதா முதல் இடத்தில் இருப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நார்ச்சத்து. 100 கிராமுக்கு 6 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து மிக்கது' என்று போடலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 3 கிராமுக்குக் குறைந்ததை நான் கூடையில் போடுவதில்லை. அண்ணன் ஒரேயடியாக முழுக் கோதுமைக்குத் தாவ வேண்டாம். ஆட்டா பாதிக்கு மேல், 4 அல்லது 5 கிராம் நார்ச்சத்து உள்ளதில் தொடங்கினால் சண்டை குறையும்.

வெந்தயம்

எல்லாரும் சொல்லாமல் விட்ட ஒன்று. சர்க்கரைக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், முழுக் கோதுமை பிரெட்டை நம்பி ஏமாறாதீர்கள். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் குறியீட்டு அட்டவணைகளில் வெள்ளை பிரெட் சுமார் 75, முழுக் கோதுமை பிரெட் சுமார் 74. மாவாக அரைத்த பிறகு தவிடு இருந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. நார்ச்சத்தால் வயிற்றுக்கும் இதயத்துக்கும் நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வேகத்தைக் குறைப்பது பிரெட்டோடு சேர்ந்து போவதுதான். ஜாமை நிறுத்திவிட்டு அவித்த முட்டையோ கெட்டியான வேர்க்கடலைச் சட்னியோ வையுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள், உங்கள் வீட்டுக்காரர் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். மாத்திரை விஷயம் மருத்துவரோடு.

நள்ளிரவு அடுப்பு

பிரெட்டில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது என்று வாட்சப்பில் சுற்றுகிறதே, அதைப்பற்றி யாரும் பேசவில்லையே?

ரயிலடி

அது பொட்டாசியம் புரோமேட். 2016இல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். அந்தச் செய்தி இன்னும் ஓய்வு பெறவில்லை, அவ்வளவுதான்.

ஜன்னலோரம்

எல்லாருக்கும் நன்றி. பழுப்பு பிரெட் பொட்டலத்தை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தேன். முதல் பெயர் மைதா, கடைசியில் 150. அவருக்குப் பிடித்துப்போனதன் ரகசியம் அதுதான்!

ஃப்ரீசரும் தோசைக்கல்லும் வேலை செய்கின்றன. அதே முழுக் கோதுமை பிரெட், ஆனால் உதிரவில்லை. கசப்பு மட்டும் அப்படியே. ஆகவே வீட்டில் செய்து பார்க்கிறேன். மாவுக்கை தங்கச்சி, அளவு சொல்லுங்கள்.

மாவுக்கை

கோதுமை மாவு 300 கிராம், மைதா 100 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், பொடித்த வெல்லம் ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி.

முக்கியமான வேலை கோதுமை மாவை ஊறவைப்பது. ஈஸ்ட், உப்பு எதுவும் சேர்க்காமல் கோதுமை மாவில் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கலந்து முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். குடிக்காத தவிடு பிசையும்போது மாவின் இழைகளை அறுத்துவிடும். பிரெட் எழும்பாமல் கட்டையாவதும், சாப்பிடும்போது வறண்டு உதிர்வதும் அதனால்தான். ஊறிய பிறகு மைதா முதலானவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். மாவு சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளர்ந்து கையில் ஒட்டும். பயந்து மாவு தூவாதீர்கள், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும்.

கசப்புக்கு, தண்ணீரில் 60 மில்லியைக் குறைத்துக் கமலா ஆரஞ்சுச் சாறு ஊற்றுங்கள். பிரெட்டில் பழ ருசி தெரியாது, கசப்பு அமுங்கும். வறுத்த எள் ஒரு பிடி போட்டாலும் நல்லது.

சென்னைச் சூட்டில் புத்தகத்தில் உள்ள நேரத்தை நம்பாதீர்கள். மாவு இரண்டு மடங்கானதும், மணி என்ன காட்டினாலும், உருட்டி அச்சில் வைத்துவிடுங்கள். மறுபடி உப்பியதும் 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஆறிய பிறகே வெட்ட வேண்டும்; சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

கோபாலபுரத்துக் கிழவர்

கேட்கவே நன்றாயிருக்கிறது. பொட்டல மாவு வேண்டாம் அம்மா. கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுங்கள். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் கோதுமையைக் கொட்டினால் பிரெட் காரமாகிவிடும். வேறொருவர் கோதுமை அரைத்து முடித்ததும் கொடுப்பதே உத்தமம். மாவு சூடாக வரும், செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியதை அரைக்காதீர்கள். சம்பா கோதுமை கிடைத்தால் இன்னும் விசேஷம்.

மாவுக்கை

மில் யோசனைக்குக் கும்பிடு ஐயா. சம்பா கோதுமை மட்டும் இப்போது வேண்டாம். உப்புமாவுக்கு அருமை, ஆனால் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதம் அதில் வலுவில்லாதது, பிரெட் எழும்பாது. கை பழகிய பிறகு கால் பங்கு கலக்கலாம்.

நள்ளிரவு அடுப்பு

ஈஸ்டுக்குப் பதில், சவர்டோ என்கிறார்களே, அந்தப் புளித்த கோதுமை மாவில் செய்யலாமே? சத்துகள் சேரவிடாமல் தடுக்கும், தவிட்டில் உள்ள ஃபைட்டேட் குறையும், இரும்பும் துத்தநாகமும் உடம்பில் நன்றாகச் சேரும்.

மாவுக்கை

உண்மைதான். ஆனால் இந்த வெயிலில் புளிக்கவைப்பதற்காக வளர்க்கும் அந்தத் தாய்மாவுக்கு வேளாவேளைக்குப் புது மாவும் தண்ணீரும் தீனி போடவேண்டும். விடியலில் டீ போடுகிறவர் தலையில் அதையும் கட்டாதீர்கள்.

ஜன்னலோரம்

செய்துவிட்டேன். மில்லில் அரைத்த மாவுதான். கசப்பு இல்லை! வெட்டும்போது வறுத்த எள் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. வேர்க்கடலைச் சட்னியோடு இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதற்குக் கை நீட்டினார். நான்தான் எடுத்து வைத்துவிட்டேன். ஜாம் பாட்டில் எங்கே என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

ஒரு குறை. அச்சில் நன்றாக உப்பி விளிம்புக்கு மேலே குடை விரித்து நின்றது. ஓவனில் வைத்ததும் நடுவில் குழிந்துவிட்டது. ஏன்?

மாவுக்கை

அளவுக்கு மேல் புளிக்க விட்டிருக்கிறீர்கள் அக்கா. மைதா தாங்கும் அளவு உப்பலைக் கோதுமை தாங்காது. அடுத்த முறை விளிம்பைத் தொட்டதுமே விரலில் மாவு தொட்டு லேசாக அழுத்துங்கள். பள்ளம் மெதுவாக, பாதி அளவு மேலெழும்பினால் அதுதான் தருணம். எழும்பாமல் அப்படியே நின்றால் நேரம் தாண்டிவிட்டது. அச்சிலிருந்து எடுத்து மறுபடி உருட்டி வையுங்கள். ஓவனை அதற்கு முன்பே சூடாக்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது சூடாகும் நேரத்திலேயே மாவு தாண்டிப் போய்விடும்.